பையை மாட்ட ஓர் இடம்

மலையடிவாரத்துச் சாமிக்கு, அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் பூல்பாண்டி. சென்னையில் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, மனைவி முப்பிடாதியோடு வந்து அடிவாரத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டவர். காலையில் குடிலுக்குப் போவார். சாமி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.

சாமி அவரை அண்ணாச்சி என்பார், முப்பிடாதியை மைனி என்பார். சீடரைப் போய் இப்படிக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவரு முந்திப் பொறந்ததுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குடிலுக்கு வந்த பூல்பாண்டி உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வரிசையாக அடுக்குமாடிகள் எழும்புகின்றன, லிஃப்டுக்குப் பழகின கை வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

சென்னை எப்படி இருந்தது என்று சாமி கேட்டார்.

பூல்பாண்டி கொட்டித் தீர்த்துவிட்டார். ஹாரன் சத்தம், தண்ணீர் லாரிக்கு ஓட்டம், வீடு மாற்றி வீடு. எத்தனை காலம் இருந்தும் அந்த ஊர் தன்னை ஒட்டவிடவில்லை, கடைசி நாள்கூடக் காலையில்தான் ரயிலை விட்டு இறங்கினவன் மாதிரி இருந்தது என்றார்.

"சரி, இங்கே?"

பூல்பாண்டி மலையைப் பார்த்தார். நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இங்கேயும் அப்படித்தான் என்றார்.

பூல்பாண்டியே மேலே பேசினார்.

"முப்பிடாதி ஒரே பேச்சா சொல்லிட்டா சாமி. எங்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க, ஆனா இதுக்கு மேல இன்னொரு தடவை மூட்டை கட்ட என்னால ஆகாது, இப்ப இறக்கி வைக்கிற இடத்துலதான் என் கட்டை வேகும்னுட்டா. தப்பா முடிவெடுத்துட்டேன்னா அவ ஆயுசுக்கும் அது என் தலையில. போகவா, இருக்கவா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மைனி இன்னைக்கு என்ன சமையல்?"

பூல்பாண்டிக்குச் சுருக்கென்றது. அடக்கிக்கொண்டு, தேங்காய்ப்பால் சொதி என்றார்.

"அப்போ மத்தியானம் வாரேன்," என்றார் சாமி.

சாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் சாப்பிட்டாலும், உட்காருவதற்கு முன் தோள்பையைச் சுவரில் மாட்டிவிடுவார். திருநீறும் ஒரு மாற்று வேட்டியும்தான் உள்ளே இருக்கும். ஆனாலும் தரையில் வைக்க மாட்டார், அடுத்தவர் கையில் கொடுக்கவும் மாட்டார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சாமி வருகிறார் என்றால் ஆணியில் கிடக்கிற சட்டையை எடுத்துவிட்டு ஆணியைக் காலியாக வைத்திருப்பார்கள்.

பூல்பாண்டி வீட்டில் இலை போட்டாயிற்று. சாமி பையோடு நின்றார்.

கூடத்துச் சுவர்களை ஒரு சுற்று பார்த்தார். எல்லாம் வெள்ளையடித்த மேனிக்கு இருந்தன. சுவர்க்கடிகாரம் ஃபிரிட்ஜ் தலையில் சாய்ந்து நின்றது. முகம் பார்க்கும் கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முப்பிடாதியின் அப்பா படம் அலமாரித் தட்டில் இருந்தது, மாலை மடங்கிக் கிடந்தது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

"இது யார் வீடு அண்ணாச்சி?"

"நம்ம வீடுதான் சாமி. சொந்தமா வாங்கினது."

"அப்போ பையை எங்கே மாட்ட?"

பூல்பாண்டியும் சுற்றிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சுவர்களைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு காரணம் சொன்னார். சென்னையில் முதன்முதல் குடிபோன வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அடிக்கவில்லை. அடுத்த வீட்டிலும் அடிக்கவில்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. அப்படியே கை பழகிவிட்டது. இங்கே வந்தபிறகு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"சோறு ஆறிடும் சாமி. இன்னைக்கு ஒரு நாள் நாற்காலியில வையுங்க."

"நாற்காலியிலதான் ஏற்கெனவே கண்ணாடி இருக்கே. சுத்தியல் கிடக்கா?"

முப்பிடாதி உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு கை ஆணியும் கொண்டுவந்து கொடுத்தாள். தேடவே இல்லை.

பூல்பாண்டி சுவர் முன்னால் போய் நின்றார். எத்தனையோ கட்டிடங்களில் கான்கிரீட்டைத் துளைத்து போல்ட் இறக்கிய கை. இப்போது எங்கே அடிப்பதென்று தெரியவில்லை. இங்கே தட்டினார், அங்கே தட்டினார்.

"அங்கே இல்ல," என்றாள் முப்பிடாதி. நேராக வந்து, வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இங்கே. அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்தாலும் மணி தெரியும்."

முதல் அடியில் கொஞ்சம் காரை உதிர்ந்தது. பூல்பாண்டி சட்டென்று நிறுத்தி, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஹவுஸ் ஓனர் ஊர்ல இல்ல. அடிங்க," என்றாள் முப்பிடாதி.

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆணி இறங்கியதும் பையை மாட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார். இரண்டு தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார். ஊரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கை கழுவி வந்து அவர் பையை எடுத்ததும், முப்பிடாதி அந்த ஆணியில் கடிகாரத்தை மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி வந்து ஒரு பக்கம் லேசாகத் தூக்கிவிட்டாள்.

பூல்பாண்டியின் முகம் தெளிந்துவிட்டது. "விளங்கிட்டு சாமி. இருக்கிற இடத்துலேயே இருந்துக்கிடணும். வரலேன்னு சொல்லிடுதேன்," என்று போனை எடுத்தார்.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"பின்னே, போகச் சொல்லுதியளா?"

"அதையும் சொல்லலியே."

"அப்போ எதை வெச்சு முடிவெடுக்க? நேரம் போய்க்கிட்டே இருக்கு சாமி."

சாமி கடிகாரம் தொங்கிய இடத்தைக் காட்டினார்.

"இடம் எதுன்னு மைனிக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

பூல்பாண்டி போனைக் கீழே வைத்தார். கம்பெனி கூப்பிட்ட நாளிலிருந்து, போனால் என்ன நல்லது, இருந்தால் என்ன நல்லது என்று முப்பிடாதியிடம் எல்லாம் சொல்லியிருந்தார். சொல்லித்தான் இருந்தார், கேட்டதில்லை.

"உனக்கு எங்கே இருக்கணும்?"

இலையை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள். யோசிக்கவே இல்லை.

"மெட்ராஸ்லதான்."

அங்கே தையல் மெஷின் சத்தம் கேட்டாலே ஆள் தேடி வரும், ஜாக்கெட் கொடுக்க வந்தவர்கள் பாதி நாள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். இங்கே மெஷின் துணி மூடிக் கிடக்கிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா நாற்காலி முன்னால குனிஞ்சு தலை சீவியாச்சு. இனிமே நிமிர்ந்து நின்னுதான் சீவுவேன். கண்ணாடி சுவர்ல இருக்கணும்."

பூல்பாண்டி சாமி பக்கம் திரும்பினார். இப்போது குரலில் தடுமாற்றம் இல்லை.

"போயிடுதோம் சாமி. அது முடிஞ்சுது. ஆனா இவ கேக்கறதுதான் நடக்காது. அங்கே வாடகை வீடுதானே. ஆணி அடிக்க விடமாட்டாங்க."

சாமி பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த மொத வீட்டுக்காரருக்கு அப்புறம், வேற யார்ட்டயாவது கேட்டியளா அண்ணாச்சி?"

"கேக்கவே இல்லியே சாமி," என்றார் பூல்பாண்டி.

முப்பிடாதி மிச்ச ஆணிகளைப் பொறுக்கி, மெட்ராஸுக்கு என்று ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.