எட்டில் மூன்றேகால்

“எட்டு ஜி.பி. ராம் போட்டேன் டீச்சர். மூணேகால்தான் இருக்குன்னு சொல்லுது.”

செலஸ்டின் கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

டீக்கடை மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பேச்சியம்மாள் நிமிரவில்லை. ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தாள்.

அவருக்கு அறுபத்தொன்று. அவளுக்கு முப்பது. பெட்டிக்குப் பன்னிரண்டு. தூத்துக்குடியில் அவர் கேட்ட கடைக்காரர்கள் எல்லாரும் தூக்கிப் போடச் சொன்ன பெட்டி அது. அவள் ஒருத்திதான், “பாக்கலாம்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே செலஸ்டின் அவளிடம் மாணவராகச் சேர்ந்தார். முதல் வாரம் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துத் தூசி தட்டச் சொன்னாள். தட்டினார்.

“ரெண்டு ராமையும் கழட்டி மாட்டினேன். ரப்பர் வச்சுத் தேய்ச்சேன். இடம் மாத்திப் பாத்தேன். மூணேகாலைத் தாண்டி நகர மாட்டேங்குது. ராம் வித்த கடைக்காரன் என்னை ஏமாத்திட்டானா டீச்சர்?”

“பெட்டி முதல்ல எழுந்திரிக்கும்போது, கறுப்புத் திரையில என்ன சொல்லுது?”

அவர் அதைப் பார்க்கவே இல்லை. மானிட்டரை மாட்டி, சுவிட்சைத் தட்டிப் பார்த்தார்.

“எட்டுன்னு சொல்லுதே!”

“ம்.”

“அப்புறம் உள்ள போனதும் மூணேகால்னு சொல்லுது. ஒரே பெட்டி. ரெண்டு பேச்சு.”

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு கையைக் காட்டுங்க அண்ணாச்சி. எண்ணுங்க.”

ஒவ்வொரு விரலாக மடக்கினார். “அஞ்சு.”

அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, மற்ற நான்கு விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

“கையை மாத்தினேனா?”

செலஸ்டின் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப ராம்ல குத்தமில்ல,” என்றார் மெதுவாக. “எண்ணுறவனுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியல. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். அதை மாத்தணும்.”

அவள் பிரிண்டருக்குத் திரும்பிவிட்டாள்.

மாற்றத்தான் வேண்டும். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு செலஸ்டின்தான் மாஸ்டர். நாற்பது பேர். நோட்ஸ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள், மீன் ஏலம் எடுப்பவர்கள், ஓர் ஆட்டோ டிரைவர். அவரவர் பாட வேண்டியதை அவர் கம்ப்யூட்டரில் வாசித்து செல்போனுக்கு அனுப்புவார். கேட்டுக் கேட்டே பாடம் பண்ணிவிடுவார்கள்.

புது ஒலிகளை ஏற்றியதிலிருந்து அந்தப் பெட்டி ஐந்தாவது குரலை ஏற்றியதுமே உறைந்துவிடுகிறது. திருவிழாப் பாட்டுக்கு ஆறு குரல். கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள்.

“உள்ள இருக்கிறதை அப்படியே வச்சுக்கிட்டு மாத்த முடியாதா டீச்சர்?”

“இதுல முடியாது. முழுசா அழிச்சிட்டுத்தான் ஏத்தணும்.”

“பதினோரு வருஷப் பாட்டு டீச்சர்.”

“காப்பி எடுங்க.”

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வெளி டிஸ்க்கில் எடுத்தார்.

“எடுத்துட்டேன்.”

“திறந்து பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கடையிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்று பாட்டுகள் திறக்கவில்லை. கேபிளில் பழுது. அந்த மூன்றில் ஒன்று திருவிழாப் பாட்டு.

செலஸ்டின் அந்தக் கேபிளைக் கழற்றிப் போட்டார். வேறு கேபிள் போட்டு மறுபடி எடுத்தார். மறுபடி எல்லாவற்றையும் திறந்தார். திருவிழாப் பாட்டை மட்டும் நான்கு தடவை திறந்தார்.

“இப்ப அழிக்கலாமா டீச்சர்?”

“என்கிட்ட ஏன் கேக்கீங்க?”

சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

நூற்றுக்குப் பத்து. முப்பது. ஐம்பது. அறுபத்திரண்டில் நின்றது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. செலஸ்டின் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

“தொங்கிருச்சு டீச்சர். நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சிருவோமா?”

பேச்சியம்மாள் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். நார் ஒட்டிய விரலால் பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டினாள்.

கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு. விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். அவள் பாதிக் கிழங்கை நீட்டினாள். இருவரும் அந்த விளக்கைப் பார்த்தபடியே தின்றார்கள்.

கிழங்கு முடியும்போது அறுபத்துமூன்று என்றது.

மூன்று மணிக்குப் புதிய திரை வந்தது. செலஸ்டின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே போய்ப் பார்த்தார்.

“எட்டு!”

கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எட்டு டீச்சர்! முழு எட்டு!”

பேச்சியம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இசை மென்பொருளை ஏற்றினார். பாட்டைத் திறந்தார். ஒரு குரல், இரண்டு, மூன்று. ஐந்தாவது வந்ததும் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆறாவதும் வந்து சேர்ந்தது. பெட்டிக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. ஆறு குரலும் ஒன்றாகக் கடையை நிறைத்தன.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன? அவ்வளவுதான். ஆறு.”

“இடம் இருக்கே.”

திரையில் ஆறு வரிகளுக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது.

செலஸ்டின் ஏழாவது வரியைத் திறந்தார். விரல்களைக் கீபோர்டில் வைத்தார். பாட்டு ஒரு சுற்று போய்த் திரும்ப வந்தது. இன்னொரு சுற்று போனது.

ஒன்றும் வரவில்லை.

பதினோரு வருஷம். ஒவ்வொரு பாட்டும் ஆறு குரல். ஏழாவதை ஏற்றினால் உறைந்துவிடும் என்று, முதல் வருஷத்திலேயே அதை எழுதுவதை விட்டிருந்தார். எப்போது அது காதிலும் கேட்காமல் போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

“டீச்சர், இதுக்கு என்ன மாத்தணும்?”



பேச்சியம்மாள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து மூடியின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றியது.

செலஸ்டின் தலையைச் சாய்த்தார்.

ஆறு குரலுக்கும் அடியில் இன்னொன்று கேட்டது. வார்த்தை இல்லை, வெறும் முனகல். ஆறில் எதையும் அது பின்பற்றவில்லை. ஆறும் இறங்கும் இடத்தில் அது மட்டும் ஏறியது.

திருகாணி உருண்டது. முனகல் நின்றது.

“டீச்சர், இப்ப என்ன பாடினீங்க?”

அவள் பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “நானா? நான் எங்க பாடினேன்?”

அலமாரியில் தொங்கிய மைக்கை இழுத்து அவர் பெட்டியில் சொருகியாகிவிட்டது.

“நிறுத்தாதீங்க,” என்றார் செலஸ்டின். “இன்னுங்கொஞ்சம் மேல எடுங்க.”