பாசிப் பாடம்

கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்போதெல்லாம் உயரமான இரும்புக் கேட் இருந்தது. ஊர் ஆட்களுக்காக அது திறந்ததே இல்லை. அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த மிக்கேலம்மாளுக்கு அந்த நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கடலில் பாசி பறித்து விற்கும் பெண்கள் பத்துப் பேர், பாசி குறைந்து பிழைப்புக் கெட்டதற்குக் காரணம் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். இயக்குநர் நீலமேகம் மிக்கேலம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

"என் பத்து வருஷ ஆராய்ச்சி இவங்களுக்கு எங்கே புரியும்? உன் ஊர்க்காரங்கதானே, நீயே புரியவச்சு அனுப்பு. முடியலேன்னா நாளையிலேர்ந்து நீயும் கேட்டுக்கு வெளியேதான்."

"சரிங்க சார். முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்ற மிக்கேலம்மாள், புழுக்கமாக இருக்கிறதென்று கேட்டை ஒட்டியிருந்த தெருப்பக்க ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"புரியலையே சார்."

பெரிய பெரிய வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

"இன்னும் புரியலையே சார்."

கடுப்பில் மேஜைமேல் கிடந்த பாசிக்கொத்தையே தூக்கிக் காட்டினார். "அட, கீரை மாதிரிதாம்மா! பாறையில ஒட்டின அடியை விட்டுட்டு மேலாக்கக் கிள்ளினா மறுபடி துளிர்க்கும். அடியோட பிடுங்கினா அவ்வளவுதான்!"

"இப்பப் புரிஞ்சுது சார். எனக்கு மட்டுமில்ல" என்று அவள் ஜன்னலைக் காட்டினாள்.

கம்பிகளுக்கு அப்பால் பத்து முகங்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க பிடுங்கியே இருக்க மாட்டோமே, சார்?"

நீலமேகம் பாசிக்கொத்தோடு நடந்துபோய்க் கேட்டைத் தானே திறந்தார். அதன்பிறகு மாதம் ஒருநாள் கரை மணலில் உட்கார்ந்து அவர்களோடு பேசினார்.

அவர் ஓய்வு பெற்றுப் புறப்பட்ட அன்று, பாசிக்காரப் பெண்கள் ஈரச் சேலையோடு கடலிலிருந்து நேரே வந்து வழியனுப்பினார்கள்.