கறையான் மரத்துக்குள் போன கதை

கறையானுக்குக் கண் இருந்த அந்தக் காலத்தில், பேச்சு மனிதனுக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. நண்டு பேசும், நாகம் பேசும், மைனா நிறுத்தாமல் பேசும். கறையான்கள் மண்ணுக்கு மேலே, பட்டப்பகலில் நடமாடின. உடம்பு புளியங்கொட்டை மாதிரிப் பளபளவென்று இருக்கும். காய்ந்த புல்லும் சருகும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. மரத்தை அவை திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் கறையான்களில் செல்லி என்று ஒருத்தி இருந்தாள். மலையடிவாரத்தில் அவளை மிஞ்சிய கொத்தனார் கிடையாது. அவள் எழுப்பிய புற்று அடைமழையில் கரையாது, எருமை உரசினாலும் சரியாது. நாகமே வந்து, ஒரு மூலை கொடுத்தால் ஒண்டிக்கொள்கிறேன் என்று கேட்டு நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லி மூலை கொடுத்தாள். கொடுத்த கதையை ஊர் முழுக்கச் சொல்லவும் செய்தாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செல்லிக்குப் புற்று கட்டுவது கொஞ்சமும் பிடிக்காது. மண்ணைக் குழைக்கும்போதே முகம் சுளிப்பாள். இடுப்பு போச்சு, கழுத்து போச்சு என்று முனகிக்கொண்டேதான் சுவர் ஏறும். வேலை முடிந்ததும் கீழே இறங்கி, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவாள் பாருங்கள், அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அத்தனை பாடும். "இந்தக் கை வேற யாருக்கு வரும்?" என்று மைனா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பசியே எடுக்காது.

அப்படி இருக்கையில்தான் பூதலிங்க ஆசாரி அந்தப் பக்கம் வந்தார். பக்கத்து ஊரில் உலகம்மை என்பவள் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வாசல் நிலை செய்துதரும் வேலை ஆசாரிக்கு. செல்லியின் புற்றுக்கு நேர் எதிரே ஒரு வாகை மரம் எப்போதோ சாய்ந்து, நன்றாகக் காய்ந்து கிடந்தது. ஆசாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகர்ந்து பார்த்தார், அங்கேயே சாக்கை விரித்தார். வாச்சி, உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் பிள்ளைகளைப் படுக்க வைப்பதுபோல வரிசையாக வைத்தார்.

வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். ஆசாரி அறுத்தார், தும்மினார், தும்மிவிட்டுச் சிரித்தார். அப்புறம் வாச்சியால் செதுக்கி, இழைப்புளியை எடுத்தார். சர்ரென்று ஒரு இழுப்பு. மரத்திலிருந்து மெல்லிய சுருள் ஒன்று எழும்பி வந்து அவர் காலடியில் விழுந்தது. இன்னொரு இழுப்பு, இன்னொரு சுருள். சாயங்காலத்துக்குள் அடிவாரமே அங்கே கூடிவிட்டது. அணில் தன் கூட்டுக்கென்று சுருள்களை அள்ளிக்கொண்டு போனது. மைனா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இது நன்றாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டது. செல்லியின் புற்றுப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

செல்லிக்கு வயிறு எரிந்தது. முதலில் வேலையைக் குறை சொல்லிப் பார்த்தாள். இருக்கிற மரத்தைக் குறைப்பதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும், நானாவது இல்லாத சுவரை உண்டாக்குகிறேன் என்று நாகத்திடம் சொன்னாள். நாகம் ஆமாம் என்றது. சொல்லிவிட்டு அதுவும் இழைப்பு பார்க்கப் போய்விட்டது. அது தின்ற சோற்றுக்கு, இல்லை, இருந்த மூலைக்குக்கூட நன்றி இல்லாதது என்று செல்லி திட்டித் தீர்த்தாள்.

இத்தனையும்கூட அவள் பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. ஒரு நாள் உச்சி வெயில். வேடிக்கை பார்க்கிற கூட்டமெல்லாம் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. ஆசாரி தனியாக இருந்தார். செல்லி புற்றின் மறைவில் நின்று பார்த்தாள். அவர் உள்ளங்கையால் பலகையை மெல்லத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. இழைப்புளியின் இரும்பைக் கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடியும் தடவினார். முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே ஏதோ முனகிப் பாட ஆரம்பித்தார்.

பாராட்ட ஆள் இல்லை. பார்க்க ஆள் இல்லை. பிறகு யாருக்காக இந்தச் சிரிப்பு? செல்லி தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. அது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தெரிந்ததும் ஆசாரி மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது, அவர் ஏதோ அவளுடைய பொருளைத் திருடி மடியில் வைத்திருப்பதுபோல.

நேரே போய்க் கேட்டுவிட்டாள். "ஆசாரியாரே, இந்தச் சந்தோசத்த எங்க வச்சிருக்கீரு?"

ஆசாரி கபடம் தெரியாத மனுஷன். இழைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"மரத்துக்குள்ளதான் இருக்கு தாயி. எழைக்க எழைக்கத் தன்னால வெளிய வருது."

செல்லி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மண்மேல் மண்ணை வைத்தே வளர்ந்தவள் அவள். ஒரு பொருள் உள்ளே இருக்கிறது என்றால், நாகம் புற்றுக்குள் இருப்பதுபோல, எங்காவது ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் என்றுதான் அவளுக்கு அர்த்தம். அதைக் கண்டுபிடித்து ஒரு துளி விடாமல் தின்றுவிட வேண்டும். தனக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அந்த ஆளுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது ஆசைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நிலை முடிந்தது. ஒரு சட்டத்தின் கழுந்தும் மறு சட்டத்தின் துளையும் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்கார்ந்தன. நிலை வைக்க நல்ல நாள் வரட்டும் என்று ஆசாரி அதைக் கற்கள்மேல் சாய்த்து, ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செல்லி தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, நிலையின் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்தாள். வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று மேல்தோலைத் தொடவில்லை. முதல் வாய் கசந்தது. இது இல்லை, இன்னும் உள்ளே இருக்கும் என்று அடுத்த வாய் வைத்தாள். அது சக்கை. அதற்கும் உள்ளே என்று போனாள். தின்ற இடம் பொக்கையாகிப்போனால் நிலை லேசாகிக் காட்டிக் கொடுத்துவிடுமே என்று, பின்னாலேயே மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டும் போனாள். ஒவ்வொரு வாய்க்கும் ஆசாரியின் அந்தச் சிரிப்புத்தான் அவள் கண்முன் வந்தது. வெளியே எத்தனை தடவை விடிந்ததோ அவளுக்குத் தெரியாது. வெளிச்சமே படாமல் கிடந்ததில் புளியங்கொட்டை நிறம் போய் உடம்பு வெளுத்தது. கண் மங்கியது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால் அது மங்கியதும் அவளுக்குத் தெரியவில்லை.

நல்ல நாள் வந்தது. உலகம்மை மஞ்சளும் பூவும் மாவிலையுமாக நிலையை எடுத்துப் போக வந்தாள். ஊர் வந்தது, அடிவாரமும் வந்தது. சத்தம் கேட்டுச் செல்லி வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. அதனால் என்ன, காது இருக்கிறது, அவர் அழுவதைக் கேட்கக் காது போதும் என்று ஓரமாக நின்றுகொண்டாள்.

நிலையைத் தூக்கினார்கள். அப்பளம்போல நொறுங்கியது. உள்ளேயிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது.

ஆசாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எம் மரம் போச்சே" என்றார். செல்லிக்கு மைனாவின் பாராட்டையெல்லாம் மொத்தமாக வாங்கியதுபோல உடம்பு குளிர்ந்தது. இதற்குத்தானே, இதற்குத்தானே என்று நின்றாள்.

ஆசாரி உடைந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பலகையைத் தடவுகிற அதே தடவல்.

"இது செல்லி கைதாம்லா. கண்ணுக்குத் தெரியாத எடத்தக்கூட எப்படி மெழுகியிருக்கா பாருங்க. இந்த நேர்த்தி எனக்கு வராது" என்றார்.

அவள் காலமெல்லாம் ஏங்கிய வார்த்தை அது. ஊர் கூடியிருக்கும்போது கிடைத்தது. அந்த வாயிலிருந்து வந்ததால் அவளுக்கு அது புண்ணில் உப்பாகத்தான் விழுந்தது. அழுகிறவன் அழுதுவிட்டுப் போக வேண்டியதுதானே, இடையில் எதற்கு என்னைப் புகழ்கிறான்?

நல்ல நேரம் போகிறதே என்று உலகம்மை கையைப் பிசைந்தாள். பிறகு அவளே மனசைத் தேற்றிக்கொண்டு, ஓடைப் பக்கம் இன்னொரு வாகை கிடக்கிறது, வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனாள். ஆசாரி எழுந்து அந்த மரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை உளியைத் தொடும் முன்னால், அடியிலிருந்து நுனிவரை விரலை மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டார். மரம் கெட்டியாகப் பதில் சொன்னது.

அதற்குப் பிறகு செல்லி கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ரம்பத்தின் சத்தம். ஒரு தும்மல். தும்மலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. சர்ரென்று ஒரு இழுப்பு. என்ன ஆசாரியாரே, பட்ட பாடெல்லாம் வீணாகப் போச்சே என்று மைனா கேட்டது.

"வேல முடிஞ்சி போச்சேன்னுதான் மனசு ஒரு மாதிரி இருந்துது. இப்ப இன்னொருக்க எழைக்கக் கெடச்சிருக்குல்லா" என்றார் ஆசாரி. சொல்லிவிட்டு முனகிப் பாட ஆரம்பித்தார்.

செல்லிக்குக் கண் போயிருந்தது. ஆனாலும் அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பசித்தவனுடைய இலையைப் பிடுங்கப் போய், மறுசோறு போட்டுவிட்டு வந்த கதையாகிவிட்டது அவளுக்கு. அப்போதும் அவள் புத்தி திரும்பவில்லை. தின்றது தப்பு மரம், சந்தோஷம் இந்த மரத்துக்குள் இருக்கிறது என்று நினைத்தாள். யாருடைய கண்ணெல்லாம் தன்மேல் பட வேண்டுமென்று வாழ்ந்தாளோ, அவர்கள் கண்ணில் படாமல் போக மண்ணைக் குழைத்துத் தலைக்குமேல் ஒரு கூரை பூசிக்கொண்டே தன் ஆட்களோடு அந்த மரத்தைப் பார்த்து ஊர்ந்து போனாள்.

அப்படிப் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. கறையான் வெளுத்துப்போய், கண் தெரியாமல், மண் மூடிய பாதைக்குள்ளேயே நடப்பதும், தோலை விட்டுவிட்டு மரத்தின் உள்ளே உள்ளே என்று தின்று, தின்ற இடத்தை மண்ணால் மெழுகிப் போவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆசாரிமார் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு மரத்தில் உளி வைப்பதும் அன்று முதல்தான். அப்படித் தட்டும்போது உள்ளே செல்லியின் பிள்ளைகள் தின்பதை நிறுத்திவிட்டு, வெளியே யார் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.