தானே ஆடிய ஊஞ்சல்

முன்னொரு காலத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அரண்மனை முதல் ஆற்றங்கரை வரைக்கும் எல்லாரும் கண் செருகிக் கிடக்கும் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட ராஜசூர பூபதி அந்த நேரத்தில் தம் ஊஞ்சல் மண்டபத்தில், தேக்குப் பலகையில் சாய்ந்து, பாதி விழிப்பும் பாதிக் கனவுமாக ஆடிக்கொண்டிருப்பார். தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகளின் வாசனை மண்டபத்தை நிறைத்திருக்கும். மாடத்துப் புறாக்கள் தூக்கத்தில் முனகும். ஊஞ்சல் தானே ஆடும்.

ராஜா அப்படித்தான் நம்பினார். அவருடைய பாட்டனார் காலத்தில், பரிசுக்கு ஆசைப்பட்ட ஒரு புலவர், 'இந்த வம்சத்தார் அமர்ந்த மாத்திரத்தில் ஊஞ்சல் தானே ஆடும்' என்று பாடிவைத்தார். பாட்டனார் பூரித்துப்போய் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். ஊஞ்சல் தானே ஆடவில்லை என்று எவன் சொன்னாலும் அவன் நாடு கடத்தப்படுவான். உண்மையில் பலகையின் பின்பக்கம் கட்டிய கயிறு ஒன்று, மேலே முல்லைச் சரம் சுற்றியபடி, திரைக்குப் பின்னால் போயிற்று. அங்கே சடையன் என்பவன் இருபத்தைந்து வருஷமாக அதை இழுத்துக்கொண்டிருந்தான். சபையில் இது தெரியாதவர் ராஜா ஒருவர்தான்.

அந்த வருஷம் துறைமுகத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்து நின்றது. கப்பல் தலைவனிடம் அவன் பாஷையிலேயே பேசிப் பார்க்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை பிறந்தது. அரண்மனையின் மொழிபெயர்ப்பாளரான துபாஷி அனந்தப்பன் தினம் ஒரு சொல் கற்றுக்கொடுத்தார். மூன் என்றார், நிலாவைக் காட்டினார். மேங்கோ என்றார், மாம்பழத்தை நீட்டினார். ராஜாவுக்குப் படிப்பு இனித்தது. பிறகு கப்பல் தலைவனின் கடிதத்தில் 'எக்ஸெர்ட்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"முயற்சியைச் செலுத்துதல் என்று பொருள், மகாராஜா. அதிகாரத்தையும் செல்வாக்கையும் செலுத்துவதற்கும் இதே சொல்தான்" என்றார் அனந்தப்பன்.

"முயற்சி என்றால் என்ன?"

பாவம், அனந்தப்பன் என்ன செய்வார்? ராஜா போனால் கதவு திறந்துகொண்டது. காலை நீட்டினால் பாதரட்சை ஏறிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெற்றிலை மடிந்து வந்தது. முயற்சி என்ற ஒன்றை அவர் கனவில்கூடச் சந்தித்ததில்லை.

"பாறையைத் தள்ளுவது போல, மகாராஜா."

"பாறை தானே நகருமே. போன மாதம் நந்தவனத்தில் அப்படித்தான் நகர்ந்தது."

விகடகவி தாண்டவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அனந்தப்பனுக்குக் காதெல்லாம் சிவந்தது. ராஜா எப்போதும் தாண்டவனோடு சேர்ந்து சிரிக்கிறாரே என்று பல நாளாக அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, சொல்லைச் சொல்லால் விளக்குவது எவரும் செய்வது. நம் விகடகவி வாய் திறவாமல், தங்களுக்குப் புரியும்படி விளக்கிக் காட்டட்டும். இயலாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்."

சபையில் மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலாக ஆமாம் போட்டார்கள். ராஜாவுக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. "அப்படியே ஆகட்டும். நாளை மத்தியானம்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

தாண்டவன் கவலையோடு பின்வழியாக வெளியேறினான். திரைக்குப் பின்னால் சடையன் இழுத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தான்.

"என்ன சடையண்ணே, கண்ணு கலங்கிக் கெடக்கு?"

"நாளன்னைக்குக் காலைல எம் மவளுக்குக் கல்யாணம், ஐயா. ஊரு ஒரு நா நடை. போக வழியில்ல."

"உத்தரவு கேட்டீங்களா?"

"கேட்டேன். அரமனைக் காரியஸ்தரு சிரிக்காரு. ஊஞ்ச தானா ஆடுது, இல்லாத ஆளுக்கு ஏதுடா உத்தரவுங்காரு. அவ பொறந்தப்பவும் நான் போகல. தாரை வாக்கவாச்சும் அப்பன் வேணும்ல?"

கயிறு மட்டும் நிற்கவே இல்லை. தாண்டவனுக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருஷமாக இந்த மண்டபத்தில் வேடிக்கை பேசிப் பிழைத்தவன், இந்த மனிதனைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அந்தச் சட்டத்துக்கு அவனும் பயந்தவன்தான். "இன்னைக்கு வெயில் தாழவும் கெளம்புங்க" என்றான்.

"ஐயோ, தலை போயிரும் ஐயா!"

"இல்லாத ஆளு போனா யாருக்குத் தெரியும்? போங்கண்ணே. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் ராஜா வந்து ஊஞ்சலில் சாய்ந்தார். கண்ணை மூடினார். ஊஞ்சல் அசையவில்லை. கண்ணைத் திறந்தார். வெட்டிவேர் வாசனை அப்படியே இருந்தது, புறாக்கள் முனகின, பலகை மட்டும் கல்லாக நின்றது.

"ஏன் ஆடவில்லை?"

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காற்று திசை மாறியிருக்கிறது என்றார் ஒருவர். சுக்கிரன் வீடு மாறுகிறான் என்றார் இன்னொருவர். எழுந்து போய் ஒரு தள்ளுத் தள்ள எவருக்கும் தைரியமில்லை. தள்ளினால் ஊஞ்சல் தானே ஆடாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

அப்போது தாண்டவன் உதட்டில் விரலை வைத்தபடி வந்தான். ராஜாவை வணங்கி, முல்லைச் சரத்தைச் சுட்டிக்காட்டி, அதைத் தொட்டபடியே மெல்ல நடந்தான். ராஜா இறங்கினார். பூவைத் தடவிக்கொண்டே, தூக்கத்தில் நடப்பவர் போல அவன் பின்னால் போனார். அந்தச் சரம் எங்கே முடிகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. தாண்டவன் திரையை விலக்கினான். உள்ளே ஒரு மண்பானையும் கிழிந்த பாயும் இருந்தன. ஆள் இல்லை. தரையில், கால் ஊன்றி ஊன்றித் தேய்ந்த இரண்டு குழிகள்.

தாண்டவன் கயிற்றின் நுனியை ராஜாவின் கையில் கொடுத்தான். பிறகு அனந்தப்பனைப் பார்த்து, ஊஞ்சலில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். அவர் பின்வாங்கினார்.

"உட்காரும்" என்றார் ராஜா.

அனந்தப்பன் நல்ல கனமான மனிதர். ராஜா இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தார், கை எரிந்தது. கால் தானாக அந்தக் குழிகளைத் தேடிப் பொருந்தியது. மூச்சைப் பிடித்து, உடம்பை முழுக்கச் சாய்த்து மூன்றாம் முறை இழுத்தார். ஊஞ்சல் அசைந்தது! பிறகு ஆடியது. துபாஷி சங்கிலியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தார். ராஜாவின் நெற்றியிலிருந்து ஒரு துளி உருண்டு கண்ணுக்குள் விழுந்து கரித்தது.

தாண்டவன் அந்த நெற்றியைச் சுட்டிக்காட்டித் தலை வணங்கினான்.

"புரிந்தது" என்றார் ராஜா மூச்சு வாங்க. "இதுதான் எக்ஸெர்ட்." பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். அவர் குரல் மாறிப்போயிற்று. "இவை யாருடைய கால் ஊன்றிய குழிகள்? இனி நீ பேசலாம், தாண்டவா."

"இல்லாத ஒருவனுடைய கால், மகாராஜா. சடையன் என்று பெயர். இருபத்தைந்து வருஷமாக இங்கே இல்லாமல் இருக்கிறான். நாளைக் காலையில் மகளுக்குக் கல்யாணம். இல்லாதவனுக்கு உத்தரவு கிடையாது என்றார்கள். நான்தான் அனுப்பிவைத்தேன்."

"அப்படியானால் என் ஊஞ்சல் தானே ஆடவில்லை" என்றார் ராஜா.

"அப்படிச் சொல்பவரை நாடு கடத்த வேண்டும் என்பது சட்டம், மகாராஜா. நான் சொல்லவில்லை. எப்போது புறப்படுகிறீர்கள்?"

அனந்தப்பனின் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. ராஜா தாண்டவனையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். திரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். அந்தச் சட்டம் அந்தச் சிரிப்பிலேயே செத்துப்போயிற்று.

"துபாஷியாரே, அதிகாரத்தைச் செலுத்துவதற்கும் அதே சொல்தான் என்றீர் அல்லவா? அதை நானே செய்து காட்டுகிறேன். இறங்கும். சடையன் திரும்பி வரும்வரை கயிறு உம்முடையது."

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போடப் போனார். அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "மகாராஜா, இது போக வேண்டிய கழுத்து வேறு" என்றான். ராஜா மறுபடியும் சிரித்து, தம் குதிரையையே கொடுத்து, ஓர் ஓலையும் எழுதித் தந்தார்.

மறுநாள் முகூர்த்த நேரத்தில் தாண்டவன் பந்தலுக்குள் நுழைந்தான். மணப்பெண்ணின் கழுத்தில் முத்துமாலை ஏறியது. ஊரார் முன்னால் அவன் ஓலையை வாசித்தான்: "நம் ஊஞ்சலை ஆட்டும் சடையனின் மகளுக்கு, ராஜசூர பூபதி ஆசி கூறி எழுதுவது."

சடையன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான்.

"ஐயா, அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

தாண்டவன் வாசித்தான். சடையன் போதும் என்று சொல்லும்வரை வாசித்தான்.