பொட்டு அழியாத கைப்பிடி

கோவைப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக். அதன் பிரின்சிபால் மைதிலியும், பம்ப்செட் கம்பெனி நடத்தும் ரத்தினசபாபதியும் சென்னியப்பன் வாத்தியாரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

“இரும்பு கடையற லேத்து மெஷின் ஓட்ட ஆளே கெடைக்கறதில்லீங்க சார். இவங்க காலேஜ் பசங்களை எடுத்தேன். மெஷினைத் தொட்டாலே கை நடுங்குது. சேந்த அன்னிக்கு மத்தியானமே திருப்பி அனுப்பீட்டேன்” என்றார் ரத்தினசபாபதி.

“அத்தனை பேரும் நல்ல மார்க்குங்க சார். கதிரவன்தான் முதல் மார்க். கம்பெனி கேட்டுல நின்னு அழுதிருக்கான். இப்ப பைக்குல வீடு வீடா சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கறான்.” மைதிலி வாத்தியார் பக்கம் திரும்பினாள். “தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.”

வாத்தியார் சட்டையை மாட்டினார்.

“காலேஜுக்குப் போலாம், வாங்க.”

பட்டறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று தேடவே வெகுநேரம் ஆயிற்று. உள்ளே, ரத்தினசபாபதியின் கம்பெனி இனாமாகக் கொடுத்த லேத்து துணி போர்த்தி நின்றது. கொடுத்த அன்று எடுத்த போட்டோ சுவரில் தொங்கியது. அதில் இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

வாத்தியார் துணியை விலக்கினார். கைப்பிடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்திருந்தது, அழியவில்லை.

“பூஜை முடிஞ்சு எத்தனை நாளாச்சு அம்மிணி?”

“அடுத்த பூஜையே வரப்போகுதுங்க சார்.”

“யாரும் இதைத் தொடலியா?”

“ஒடைச்சுப்போட்டா இன்ஸ்பெக்‌ஷனுக்கு எதைக் காட்டறதுங்க? பசங்க படம் வரைஞ்சு பாகம் குறிப்பாங்க. கதிரவன் கண்ணை மூடிக்கிட்டே வரைவான் சார்.”

வாத்தியார் திரும்பினார். “ரத்தினம், குடுத்ததுக்கப்புறம் நீ ஒருக்காலாவது வந்து பாத்தியா?”

“பூஜைக்கு வந்தேனுங்க.” அவர் குரல் இறங்கிப்போனது. “அந்தப் பொட்டே நான் வெச்சதுதானுங்க.”

வாத்தியார் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். அது முனகிக்கொண்டு சுழன்றது. பொட்டு உதிர்ந்து அவர் உள்ளங்கையில் ஒட்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நாளையிலிருந்து தொறந்து விட்டர்றேனுங்க சார்” என்றாள் மைதிலி.

“நானும் தினம் ஒரு ஆளை அனுப்பறேனுங்க” என்றார் ரத்தினசபாபதி.

“செய்யுங்க. இனி வர்ற பசங்களுக்கு ஆகும்.”

“கதிரவனையும் கூப்புடலாமுங்களா சார்? வருவானுங்களா?” என்று கேட்டாள் மைதிலி.

வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் கைக்கு இப்ப பைக்கு பழகிப்போச்சு அம்மிணி.”