நறுக்கிய வால்

பிள்ளை இல்லையே என்று ஊரில் பலர் அழுதுகொண்டிருக்க, செங்கமலம் இரண்டைப் பெற்றுவிட்டு அழுதாள். கலியன், பக்கிரி என்ற அந்த இரட்டையரின் சேட்டையால் இரண்டு ஊரில் குடியிருப்பு போயிற்று. இங்கே மிராசுதார் கொடுத்த குடிசைதான் கடைசிக் கதி. அவருடைய கன்றுக்குட்டி மேலேயே இருவரும் சவாரி போய்விட்டார்கள்.

மத்தியானத் தூக்கத்தில் விஷயம் கேட்ட மிராசுதார், எழுந்த வேகத்தில் தெருவோடு வந்து கத்தினார்.

"ஏய் செங்கமலம்! உன் பிள்ளைங்க வாலை ஒட்ட நறுக்கி இப்பவே என் கையில வை. இல்லாட்டி குடிசையைக் காலி பண்ணு!"

"வாலை எப்படிங்க எசமான் கையில வைக்கிறது?"

"வச்சாத்தான் குடிசை. இது என் வாக்கு!"

அவர் பின்னால் வந்த கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏனென்று எட்டிப் பார்த்த செங்கமலத்துக்கு உயிரே போனது. அவர் தூங்கும்போது அந்தக் கடன்காரப் பயல்கள் அவர் வேட்டியின் பின்பக்கம் முடிந்துவிட்ட கயிறு தரையில் புரண்டது. காலையிலிருந்து அவள் தேடிய கொடிக்கயிறு!

இனிப் போக ஊர் ஏது? அரிவாளோடு அவர் பின்னால் போனாள். ஒரே அறுப்பில் கயிற்றை அறுத்து அவர் கையில் வைத்தாள்.

"என் பிள்ளைங்க வாலுதாங்க எசமான். இத்தனை நேரம் உங்ககிட்டதான் இருந்துச்சு."

தெருவே வெடித்துச் சிரித்தது. கொடுத்த வாக்கை விழுங்க முடியாமல் மிராசுதார் கயிறும் கையுமாக நடையைக் கட்டினார்.

குடிசை தப்பியது. செங்கமலம் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பக்கிரி அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். "கயிறு போச்சுன்னு அழாதேம்மா. கன்னுக்குட்டியோட கயிறு நம்மகிட்டதானே இருக்கு? நாளைக்கு அவருக்கு அதைக் கட்டிடலாம்."