ஆவாரைக்குக் காப்புக் கட்டிய மூவர்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! எந்த ராஜா ஆண்ட காலம் என்று மட்டும் கேட்காதீர்கள். அவ்வளவு பழைய கதை. தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஆடு மேய்த்து வாழ்ந்தாள் உச்சினி. அவள் புருஷன் சுடலை, உடம்பெல்லாம் அனலாகி நான்கு நாளாகப் படுத்த படுக்கை. அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று வைத்தியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்து வந்தாள்.

மூவரும் நாடி பார்த்தார்கள். மூவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "ஆவாரை இலைக் கஷாயம் கொடுத்தால் பிழைப்பான்." அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. விட்டார்களா?

அது ஆவாரை பூக்காத காலம். அடையாளம் காட்டும் மஞ்சள் பூவைக் காணாமல் வைத்தியர்கள் திண்டாடினார்கள். முதலாமவர் ஏட்டைப் பார்த்து, "இதுதான் ஆவாரை" என்று பேயாவிரைக்கு, மூலிகை பறிக்குமுன் செய்யும் சடங்குப்படி, மஞ்சள் நூலால் காப்புக் கட்டினார். இரண்டாமவர், "இல்லை, இதுதான்" என்று தகரைக்குக் கட்டினார். மூன்றாமவர் கொழிஞ்சிக்குக் கட்டினார். மூலிகைக்குக் கட்டிய காப்பை அவிழ்க்கக் கூடாதாம். அவிழ்த்தால் வைத்தியர் பேர் போய்விடுமாம். போகட்டுமே, உயிரா போகிறது? ஆமாம், குடிசைக்குள் ஓர் உயிர் போய்க்கொண்டுதானே இருந்தது!

உச்சினிக்குப் பொறுக்கவில்லை. வெயிலுக்காகத் தலையில் வைத்திருந்த தழையை எடுத்து நீட்டினாள். "ஐயா, இதுதான் ஆவாரை. தினமும் தலைக்கு வச்சுக்கிட்டு நடக்கிறவளுக்குத் தெரியாதா?"

"ஆட்டுக்காரிக்கு மூலிகை தெரியுமோ?" என்றார் முதலாமவர்.

"வாடின இலை சாட்சி ஆகாது" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. உச்சி வெயில் சாயும்வரை மூவரும் தர்க்கம் செய்தார்கள்.

அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "சரி, மூணு செடியையும் காய்ச்சிக் கொண்டாறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். மூன்று சட்டிகளைக் கொண்டுவந்து மூவர் முன்னாலும் வைத்தாள். "அவங்கவங்க கஷாயத்தை அவங்கவங்க ஒரு வாய் குடிங்க, ஐயா. அப்புறம் அவருக்குக் கொடுக்கிறேன்."

முதலாமவருக்கு அன்று விரதம். இரண்டாமவருக்குத் தொண்டைக்கட்டு. மூன்றாமவர் குளிக்காமல் எதுவும் குடிப்பதில்லையாம்!

உச்சினி ஒரு சட்டியைத் தூக்கி மடக்மடக்கென்று குடித்தாள். "ஐயோ, குடிக்காதே!" என்று மூவரும் அலறினார்கள்.

"இவ்வளவு நேரம் இந்த வாய் எங்கே போச்சு?" என்றாள் அவள். "மூணு சட்டியிலயும் என் தலைத்தழைதான். கட்டின புருஷனுக்கு உங்க செடியைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

மற்ற இரண்டு சட்டிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் நாள் சுடலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

ஆகவே கேட்டவர்களே, நீங்கள் ஒரு வாய் குடிக்கத் துணியாத மருந்தை அடுத்தவனுக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள்.